ஒரு வாரக் கன்றுக்குப் புல் போதுமா? தீனி, வளர்ச்சி, இரவுப் பயம்

கேள்வி, ஜூன் 2

கன்று பிறந்து ஒரு வாரம் ஆகிறது. இப்போதிருந்தே புல்லைப் போட்டுப் பழக்கினால் வயிறு சீக்கிரம் பெருக்கும், பாலும் மிச்சமாகும் என்கிறார்கள். மாடு புல் தின்னும் பிராணிதானே, கன்று மட்டும் ஏன் பாலையே நம்பியிருக்க வேண்டும்? இன்னொன்று: இரவில் நாய், நரி பயம் இருக்கிறது. அதற்கு என்ன செய்யலாம்?

ஜூன் 2, இரவு

புல்லைப் போடுங்கள், தப்பில்லை. அதை நம்பிப் பாலைக் குறைத்தால் கன்று தேறாது.

மாட்டுக்கு வயிற்றில் நான்கு அறை என்பது எல்லோருக்கும் தெரியும். பிறந்த கன்றுக்கும் நான்கும் உண்டு, ஆனால் வேலை செய்வது நான்காவது மட்டும்தான். மொத்தக் கொள்ளளவில் 60 சதவீதம் அளவுக்கு அந்த ஓர் அறையே இருக்கும். வளர்ந்த மாட்டில் கதை தலைகீழ். அங்கே புல்லை ஊறவைத்து நொதிக்கவிடும் முதல் அறை மட்டுமே 80 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரக் கன்றின் வாயில் புல்லைத் திணித்தால் அது போய்ச் சேரும் அறையில் வேலையாளே இல்லை. நொதிக்கவைக்கும் நுண்ணுயிரிகள் இனிமேல்தான் குடியேற வேண்டும்.

பாலுக்கு மட்டும் தனி வழி உண்டு. உணவுக்குழாய் வயிற்றில் சேரும் இடத்தில் உதடு போல இரண்டு தசைமடிப்புகள் இருக்கின்றன. கன்று ஊட்டத் தொடங்கியதும் இரண்டும் சேர்ந்து ஒரு குழாயாக மூடிக்கொள்ளும். பால் முதல் அறைகளைத் தொடாமல் நேராக நான்காவதற்குப் போகும். அங்கே கைமோசின் என்ற நொதி அதைத் திரித்துக் கட்டியாக்கி, பல மணி நேரம் மெல்ல மெல்லச் செரிக்கவிடும்.

ஆக, உங்களிடம் இப்போது இருப்பது குட்டி மாடு அல்ல, ஒற்றை வயிற்றுப் பிராணி. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். நாய், நரி விஷயத்தை அப்புறம் எழுதுகிறேன்.

ஜூன் 3, காலை

சீம்பால் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வாரம் ஆன கன்றுக்கு அந்த வாய்ப்பு முடிந்துவிட்டது. அடுத்த ஈற்றுக்காக இதைப் படித்து வையுங்கள்.

மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கொஞ்சம் அதன் ரத்தத்தில் இருக்கும். மாட்டின் நஞ்சுக்கொடி அந்தப் புரதங்களை உள்ளே விடாது. கன்று வெறுங்கையோடு வருகிறது, எல்லாமே சீம்பாலில்தான் கிடைக்க வேண்டும். குடல் அந்தப் பெரிய புரதங்களை உடைக்காமல் முழுசாக ரத்தத்துக்குள் விடுவது முதல் நாளில் மட்டும்தான். அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக ஏறும், போகப் போகக் குறையும். 24 மணி நேரத்தில் கதவு அடைபட்டுவிடும். அதன்பிறகு கொடுக்கும் சீம்பால் நல்ல சத்துள்ள பால், குடலுக்குள்ளேயே கொஞ்சம் காவலும் செய்யும். ரத்தத்தில் ஏறுவதற்கில்லை.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள். 35 கிலோ கன்றென்றால் மூன்றரை லிட்டர். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் பழக்கத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கொடி விழ ஆறு மணி நேரம்கூட ஆகலாம், கன்றின் குடல் அதற்காகக் காத்திருக்காது.

கெட்டியாக மஞ்சளாக இருந்தால் நல்ல சீம்பால் என்று கண்ணால் சொல்வது ஓரளவுக்குத்தான் சரி. பழச்சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மானி இருந்தால் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். 22-க்கு மேல் காட்டினால் தரமானது.

ஜூன் 3, மதியம்

விட்டுப்போனது: தொப்புள் கொடி. பிறந்தவுடன் டிஞ்சர் அயோடினில் முக்கி எடுக்க வேண்டும். பஞ்சால் தொட்டு வைத்தால் போதாது, கொடி முழுவதும் நனைய வேண்டும். ஒரு வாரத்தில் அது காய்ந்து சுருங்கிக் குச்சி மாதிரி ஆகியிருக்க வேண்டும். உங்கள் கன்றுக்குத் தொட்டுப் பாருங்கள். தடிமனாக, சூடாக, தொட்டால் உதறுகிறது என்றால் உள்ளே சீழ் பிடித்திருக்கிறது. அங்கே நுழைந்த கிருமி பிற்பாடு முழங்கால் வீக்கமாக வெளிப்படும்.

ஜூன் 5

எவ்வளவு பால் என்ற கேள்விக்கு வருகிறேன். எடையில் 10 சதவீதம் என்பது எல்லாரும் சொல்லும் பழைய கணக்கு. 40 கிலோ கன்றுக்கு நாலு லிட்டர், காலை இரண்டு மாலை இரண்டு. நானும் வெகுநாள் அப்படித்தான் ஊற்றினேன், கன்றுகள் பிழைத்தன, வளர்ந்தன. இப்போது எனக்கு இதில் வேறு எண்ணம்.

அந்த நாலு லிட்டரில் பாதிக்கு மேல் உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பதற்கே செலவாகிவிடும். மிச்சம்தான் எலும்பும் சதையும். குளிர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அந்த மிச்சத்திலும் கை வைக்கும். தாயோடு விட்ட கன்று சில வாரத்தில் நாளொன்றுக்குப் பத்து லிட்டர் வரைகூடக் குடிக்கும், அதுவும் பல தடவையாக. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். குறைவாகக் குடித்த கன்று காலிப் பாத்திரத்தை முட்டிக்கொண்டு நிற்கும், ஆள் நடமாட்டம் கேட்டாலே கத்தும். வயிறு நிறைந்த கன்று வாலைத் தூக்கிக்கொண்டு கொட்டில் முழுக்கத் துள்ளி ஓடிவிட்டுச் சடாரென்று படுத்துத் தூங்கும். துள்ளல் குறைந்த கன்றைக் கவனியுங்கள். பசியோ வலியோ இருந்தால் முதலில் நிற்பது விளையாட்டுதான்.

எனவே 15 முதல் 20 சதவீதம். ஒரேயடியாக ஏற்றாமல் சில நாளில் மெல்ல ஏற்றுங்கள், வேளையை மூன்றாக்க முடிந்தால் இன்னும் நல்லது. பால் 38, 39 டிகிரியில், அதாவது கன்றின் உடல் சூட்டில் இருக்கட்டும்.

விற்கும் பால் குறையுமே என்பீர்கள். குறையும்தான். அந்தக் கணக்கைக் கன்றிடம் போட வேண்டாம். நன்றாகக் குடித்து வளர்ந்த கிடாரி சீக்கிரம் பருவத்துக்கு வரும். பருவத்தை நிர்ணயிப்பதில் வயதைவிட எடைக்குத்தான் பங்கு அதிகம். முழு வளர்ச்சி எடையில் பாதியை நெருங்கும்போது பருவம் வரும், 55 முதல் 60 சதவீதம் ஆனதும் சினைக்கு விடலாம்.

ஜூன் 6

பாத்திரத்தில் குடிக்க மாட்டேன் என்கிறதா? இரண்டு விரலைப் பாலில் நனைத்து வாயில் கொடுங்கள். மேலண்ணத்தில் விரல் பட்டதும் நாக்கைச் சுற்றிச் சப்பத் தொடங்கும். நாக்கு உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கும், இழுப்பும் பலமாக இருக்கும். சப்பும் நிலையிலேயே கையை மெல்லப் பாலுக்குள் இறக்குங்கள். மூக்குத் துளை முங்கக் கூடாது. நாலைந்து இழுப்பு உள்ளே போனதும் விரலை உருவுங்கள். தலையைத் தூக்கிவிடும், மறுபடி முதலிலிருந்து. பெரும்பாலும் இரண்டு மூன்று வேளையில் பழகிவிடும். தலையைப் பிடித்து அமுக்கினால் மூச்சுக்குழலுக்குள் பால் போகும், அதோடு பாத்திரத்தைக் கண்டாலே ஓடும்.

காம்பு வைத்த புட்டி இன்னும் நல்லது. குடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சப்பும் ஆசை அடங்காது. அந்த நேரத்தில்தான் பக்கத்துக் கன்றின் காதையும் தொப்புளையும் சப்பத் தொடங்கும். காலிக் காம்பையே விட்டுவையுங்கள், சப்பி ஓயட்டும்.

ஜூன் 8

"அப்போது முதல் அறை எப்படித்தான் வளரும்?" என்று கேட்டவருக்கு.

புல்லால் அல்ல, தானியத்தால். நாரைத் தின்றால் அந்த அறை அகலும், தசை வலுவாகும். ஆனால் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன முளைகள் வளர வேண்டுமே, அதைத் தூண்டுவது தானியம் நொதிக்கும்போது வரும் பியூட்டிரிக் அமிலம். பாலும் உலர்புல்லும் மட்டும் தின்ற கன்றின் வயிற்றுச் சுவர் வழவழவென்று இருக்கும். கூடவே தானியமும் தின்றதன் சுவர் கரும்பழுப்பாக, துவாலைத் துணி போல அடர்ந்திருக்கும். அதனால் முதல் வாரத்திலிருந்தே ஒரு கைப்பிடி கன்றுத் தீவனத்தை வையுங்கள். முதலில் மோந்து பார்த்து ஊதித் தள்ளிவிடும். பால் குடித்த கையோடு ஈர மூக்கில் ஒட்டியதை நக்கும், அப்படித்தான் ருசி பிடிபடும். மிச்சத்தை அன்றன்றே மாற்றுங்கள், எச்சில்பட்டு ஊறிப் புளித்த தீவனத்தை அது திரும்பிப் பார்க்காது.

இன்னொன்று தண்ணீர். பால்தான் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பாலுக்குத் தனி வழி என்று 2-ஆம் தேதி எழுதினேன் அல்லவா? அந்த வழியில் போகும் பாலிலிருந்து முதல் அறைக்கு ஒரு சொட்டு ஈரம் வராது. தீவனம் நொதிக்கத் தண்ணீர் வேண்டும், அது தனியாகக் குடிக்கும் தண்ணீரிலிருந்துதான் வரும். முதல் சில நாளிலேயே சுத்தமான தண்ணீரை எந்நேரமும் எட்டும்படி வையுங்கள். தண்ணீர் வைத்தால் தீவனம் தின்பதும் கூடும்.

இரண்டு மூன்று வாரத்தில் ஒரு நாள் சும்மா படுத்திருக்கும் கன்று தாடையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டிருக்கும். அசைபோடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஜூன் 9

"மண்ணைத் தின்கிறது, சுவரை நக்குகிறது, ஏன்?" என்று கேட்டவருக்கு. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, பாலையே நம்பியிருக்கும் கன்றுக்கு ரத்தம் வெளுக்கும். கீழ் இமையை இழுத்து உட்புறம் பாருங்கள், இளஞ்சிவப்பாக இல்லாமல் வெள்ளையாக இருந்தால் கவலைப்பட வேண்டும். குடற்புழுவும் காரணமாகலாம். எருமைக் கன்றென்றால் இன்னும் கவனம் தேவை. ஒரு வகை உருண்டைப்புழுவின் இளம்புழு தாயின் பால் வழியாகவே கன்றுக்கு வந்துவிடும், புல்லில் வாயே வைக்காத கன்றுக்கும் புழு இருக்கும். பத்து நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் முதல் மருந்து கொடுப்பது அதனால்தான்.

நக்கும் எல்லாவற்றுக்கும் நோய் காரணமில்லை. என் சட்டை நுனியை மென்ற கன்றுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. சட்டைக்குத்தான் குறை.

ஜூன் 12

சரி, நாய் நரிக்கு வருவோம்.

புல்வெளிப் பிராணிகளின் குட்டிகளில் இரண்டு வகை. பிறந்ததும் எழுந்து தாயோடு ஓடுவது ஒன்று, ஒளிந்து கிடப்பது மற்றொன்று. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளியில் மேயும் வில்டபீஸ்ட் விலங்குகள் முதல் வகை. கன்று சில நிமிடத்தில் எழுந்து நிற்கும். இரண்டு மூன்று வாரத்துக்குள் மந்தையில் பெரும்பாலான கன்றுகளும் பிறந்துவிடும், கழுதைப்புலிகள் எத்தனை தின்றாலும் தீராத அளவுக்கு. நம் மாடு இரண்டாவது வகை, மான் போல. ஈனும் நேரத்தில் மந்தையை விட்டு ஒதுங்கும். கன்றை நக்கி உலர்த்தும், நஞ்சுக்கொடியைத் தின்றுவிடும், ரத்த வாடை மிஞ்சாது. பிறகு கன்றைப் புதரில் கிடத்திவிட்டு மேயப் போகும்.

மேய்ச்சலில் ஈன்ற மாட்டின் கன்றைத் தேடிப் போனவர்களுக்குத் தெரியும், காலடிக்குக் கீழே இருக்கும், தெரியாது. முகவாயைத் தரையோடு அழுத்தி, காதைப் பின்னால் மடக்கி, மூச்சு வாங்குவதுகூடத் தெரியாமல் கிடக்கும். நீங்கள் கிட்டே போனாலும் எழாது. தாய் இருக்கிறாளே, அவள் வேறு திசையில் மேய்ந்துகொண்டு, கன்றே ஈனாதவள் போல நிற்பாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வரைக்கும் அவள் கன்று இருந்த பக்கம் தலையைத் திருப்பவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் மறைந்து நின்றதும் நேராக நடந்துபோய், வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில் ஒரு முனகல். புல்லுக்குள்ளிருந்து கன்று எழுந்து வந்தது.

ஒளிய வேண்டும், இல்லையென்றால் தாய் கொம்போடு பக்கத்தில் நிற்க வேண்டும். தனியாகக் கட்டிப்போட்ட கன்றுக்கு இரண்டும் கிடையாது. கயிற்றின் நீளத்துக்குள் பதுங்க இடமில்லை, தாயும் வேறிடத்தில் கட்டியிருக்கும், பசித்தால் கத்தும். வேட்டை விலங்குக்கு இதைவிட வசதி வேண்டாம். உங்கள் கேள்விக்கு என் பதில்: நாலு பக்கமும் அடைத்து மேலேயும் மூடிய அறை, கதவுக்குத் தாழ்ப்பாள், உள்ளே கயிறில்லாமல் கன்று. கூரையில்லாச் சுவர் நாயை நிறுத்தும், சிறுத்தையை நிறுத்தாது.

ஜூன் 13

எவை எவை பிடிக்கும் என்று பட்டியல் கேட்டவருக்கு. ஓநாயும் செந்நாயும் கூட்டமாக வந்து மந்தையைக் கலைத்து, ஒதுங்கும் கன்றைத் துரத்தும். செந்நாய் பகலிலும் வரும். சிறுத்தை தனி ஆள், பதுங்கி வந்து தொண்டையைக் கவ்வும், தூக்கிக்கொண்டும் போகும். சிங்கம், புலி, கழுதைப்புலி, அமெரிக்கக் கண்டங்களில் பூமா என்ற பெரும்பூனையும் கொயோட்டி என்ற ஓநாய் இன விலங்கும், நீர்த்துறையில் முதலை. அமெரிக்கக் கண்டங்களிலேயே கருங்கழுகு ஒன்று உண்டு. பிணம் தின்னும் பறவைதான், ஆனால் ஈன்றுகொண்டிருக்கும் மாட்டைச் சூழ்ந்து, எழ முடியாத கன்றின் கண்ணைக் கொத்தும். குள்ளநரி பிறந்த சில மணி நேரக் கன்றுக்கு மட்டும்தான் ஆபத்து, நஞ்சுக்கொடியைத் தேடித்தான் பெரும்பாலும் வரும். அதனால் கொடியை அன்றே ஆழமாகப் புதையுங்கள். ஆளில்லாத் தெருநாய்க் கூட்டத்தை லேசாக நினைக்காதீர்கள், மனித வாசனைக்கு அது அஞ்சாது.

சிங்கம் தாக்காமலிருக்க மாட்டின் பின்புறத்தில் கண் வரையும் வித்தை உண்மையா என்று ஒருவர் சிரித்தபடி கேட்டிருந்தார். உண்மை. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ கழிமுகத்தில் 2,061 மாடுகளை நான்கு ஆண்டு கவனித்து 2020-இல் வெளியிட்டார்கள். கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. வெறும் சிலுவைக் கோடு போட்ட 543-இல் 4, ஒன்றும் போடாத 835-இல் 15. பதுங்கித் தாக்கும் சிங்கம், தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தால் விலகிவிடும். நாய்க் கூட்டத்திடம் இது பலிக்கும் என்று எண்ண வேண்டாம், அவை பதுங்குவதே இல்லை.

ஜூன் 14

நேற்றைய பட்டியலைப் படித்துவிட்டு எல்லோரும் வேலியைப் பற்றியே பேசுகிறீர்கள். கன்றுகள் அதிகம் சாவது பல்லாலும் நகத்தாலும் அல்ல. கழிச்சலும் சளிக்காய்ச்சலும்தான் முதலிடத்தில் இருக்கின்றன.

வயதை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். முதல் நாலைந்து நாளில் என்றால் ஈ.கோலை என்ற பாக்டீரியா, ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் ரோட்டா, கொரோனா வகை வைரஸ்கள் அல்லது கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண் ஒட்டுண்ணி, மூன்று வாரத்துக்கு மேல் ரத்தம் கலந்து போனால் காக்சிடியா என்ற இன்னொரு ஒட்டுண்ணி. எதுவானாலும் கொல்வது பெரும்பாலும் நீர் வற்றுவது. கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படிந்தால் சரி, மடிப்பாகவே நின்றால் நீர் குறைந்திருக்கிறது. கண் குழிக்குள் இறங்கி, வாய்க்குள் விட்ட விரலுக்குச் சில்லென்று இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஊட்டுவதை நிறுத்திய கன்றுக்கும் அதேதான்.

கழிகிறது என்று பாலை நிறுத்தாதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசலை ஒரு வேளைப் பாலுக்கும் மறுவேளைப் பாலுக்கும் நடுவில் தனியாகக் கொடுங்கள். பாலில் கலந்தால் பால் சரியாகத் திரியாது.

ஜூன் 18

எடைபோடத் தராசு இல்லாதவர்களுக்கு: முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ வரும். சின்னக் கன்றுக்கு உத்தேசம்தான். ஒரே ஆள், ஒரே நாடா, வாரம் ஒருமுறை என்று அளந்தால் ஏறுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும், அது போதும். பிறந்த எடை இரண்டு மாதத்தில் இரட்டிக்க வேண்டும்.

பல்லைப் பார்த்து வயது சொல்வது கன்றுக்கு அவ்வளவு உதவாது. முன்பல் எட்டும் ஒரு மாதத்துக்குள் வந்துவிடும், எல்லாம் கீழ்த்தாடையில்தான். மேலே முன்பல் இல்லை என்று பயந்து கேட்டவருக்கு: சாகும் வரை இருக்காது. பால்பல் விழுந்து முதல் ஜோடி நிலைப்பல் வர ஏறக்குறைய இரண்டு வயதாகும்.

ஜூன் 20

கைமோசின் பற்றிக் கேட்டது விஷயத்துக்கு வெளியே போகிறது, ஆனாலும் எனக்குப் பிடித்த சங்கதி. பாலாடைக்கட்டி செய்யப் பாலைத் திரிக்கும் பொருள் நெடுங்காலம் கன்றின் நான்காவது வயிற்றிலிருந்தே எடுக்கப்பட்டது. கன்றின் மரபணுவை நுண்ணுயிரியில் புகுத்தி அதே நொதியைத் தயாரித்தார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1990-இல் அதை அனுமதித்தது, மரபணு மாற்றத்தால் வந்த உணவுப் பொருளுக்கு அங்கே கிடைத்த முதல் அனுமதி. அசைபோடும் வயதுக்கு வந்த மாட்டிடம் இந்த நொதி கணிசமாகக் குறைந்துவிடும்.

வளர்ச்சிக்குத் திமிங்கிலக் கன்றை ஒப்பிட்டுக் கேட்டவருக்கு: நீலத்திமிங்கிலக் கன்று ஒரு நாளில் 90 கிலோ வரை ஏறும். நம் கன்று முக்கால் கிலோ ஏறினால் நாம் சந்தோஷப்படுகிறோம். பொறாமை வேண்டாம், அந்தப் பாலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு.

ஜூன் 24

பாலை எப்போது நிறுத்தலாம்? நாள் கணக்கைவிடத் தீவனத்தைப் பாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் தினம் ஒரு கிலோ கன்றுத் தீவனம் தின்றால் முதல் அறை தயார். பாத்திரத்தில் வளரும் கன்றுக்கு இது எட்டு வாரத்தை ஒட்டி வரும். பால் அதிகம் குடித்த கன்று தீவனத்தில் வாய் வைக்கத் தாமதிக்கும், அதனால் 20 சதவீதம் கொடுப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தாமல் பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாகக் குறையுங்கள். அந்த வாரத்திலேயே இடம் மாற்றுவது, கொம்புக் குருத்தைச் சுடுவது, ஊசி போடுவது எதையும் சேர்க்காதீர்கள். குருத்து மண்டை ஓட்டோடு ஒட்டுமுன், இரண்டு மாதத்துக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டுச் சுடுவதே நல்லது.

தாயோடு மேயும் கன்றுக்கு இந்த அவசரமில்லை. ஆறிலிருந்து எட்டு மாதம் வரை குடிக்கட்டும்.

ஜூன் 25

இரட்டைக் கன்று, ஒன்று காளை ஒன்று கிடாரி, கிடாரியை வளர்க்கலாமா என்று புதிதாக ஒருவர். வளர்க்கலாம், சினையாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கருவிலேயே இரண்டின் ரத்தமும் கலந்துவிடுவதால் அப்படிப் பிறக்கும் கிடாரிகளில் பத்தில் ஒன்பதுக்குக் கருப்பை ஒழுங்காக வளராது. மருத்துவரிடம் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டும் கிடாரி என்றால் பிரச்சினையே இல்லை. காளைக்கும் பெரும்பாலும் கெடுதல் வராது.